ரொறன்ரோவில் சுவரோவியம்: எதை அழிக்க வேண்டும், எதை வைத்திருக்கலாம்

ரொறன்ரோவில் உங்கள் கடைச் சுவரில் இரவோடு இரவாக யாரோ கிறுக்கிவிட்டுப் போனால், அதை அழிக்கும் பொறுப்பு உங்களுடையது. கிறுக்கியவர் அகப்படாவிட்டாலும் மாநகரசபையின் நோட்டீஸ் பொதுவாகக் கட்டடச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் வரும். கெடுவுக்குள் அழிக்காவிட்டால் மாநகரசபையே ஆள் விட்டு அழித்து, அந்தச் செலவைச் சொத்து வரிக் கணக்கில் சேர்த்துவிடலாம். பாதிக்கப்பட்டவரே செலவும் செய்ய வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் இதே விதிக்குள் இன்னொரு வாசலும் இருக்கிறது. அது தெரியாததால் நல்ல ஓவியங்கள் மீதும் சாம்பல் பெயின்ட் பூசிவிடுகிறார்கள்.

விதி இருப்பது மாநகரச் சட்டத்தொகுப்பின் 485ஆம் அத்தியாயத்தில். சுவரில் இருப்பதை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் நாசவேலை: சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் எழுதியது, 'டாக்' எனப்படும் கையொப்பக் கிறுக்கல், ஆபாசச் சொற்கள், ஒரு இனத்தின் மீதோ மதத்தின் மீதோ வெறுப்பைத் தூண்டுவது. மறுபக்கம் கிராஃபிட்டி கலையும் (சுவரில் எழுதியும் வரைந்தும் செய்யும் தெருக்கலை) சுவரோவியமும். சொந்தக்காரரோ வாடகைக்கு இருப்பவரோ சம்மதித்திருக்க வேண்டும். சுவரையும் சுற்றுப்புறத்தையும் அழகாக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்குப் பொருந்த வேண்டும். அப்படியானால் அதை அழிக்க வேண்டியதில்லை.

எது ஸ்ப்ரே டப்பாவில் அடித்தது, எது தூரிகையால் வரைந்தது என்று விதி பார்ப்பதில்லை. நம்மவர்கள் பலர் 'ஸ்ப்ரே என்றாலே சட்டவிரோதம்' என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. முதலில் பார்க்க வேண்டியது சம்மதம் இருந்ததா என்பதைத்தான்.

அப்படியிருக்க, நீங்கள் கேட்டு வரைவித்த ஓவியத்துக்கே நோட்டீஸ் வந்தால்? அவசரப்பட்டு பெயின்ட் வாங்கப் போகாதீர்கள். அந்த ஓவியத்துக்கு விலக்கு அளிக்கும்படியோ, அதை முறைப்படுத்தும்படியோ நீங்கள் விண்ணப்பிக்கலாம். இதற்கென்றே மாநகரசபை அலுவலர்கள் கொண்ட கிராஃபிட்டி குழு ஒன்று இருக்கிறது. ஓவியத்தின் படங்களையும், அது உங்கள் சம்மதத்தோடு வரைந்தது என்ற எழுத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் உள்ள கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், கிடைத்த அன்றே அதில் குறிப்பிட்டுள்ள அலுவலரை அழைத்துப் பேசுவது நல்லது.

இந்த வாசல் சும்மா திறக்கவில்லை. 2010இல் ரொப் ஃபோர்ட் மேயராக வந்ததும் நகரச் சுவர்களைத் துடைத்துச் சுத்தமாக்கும் வேலை தீவிரமானது. குயீன் வீதி மேற்குப் பக்கம் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே ஸ்படைனாவுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே போகும் ரஷ் லேனை எல்லோரும் கிராஃபிட்டி சந்து என்றே அறிவார்கள். கடைசியில் 2011இல் மாநகரசபை ஒரு கிராஃபிட்டி நிர்வாகத் திட்டத்தை ஏற்றது. நாசவேலையை அழிப்பது, கலைக்கு இடம் கொடுப்பது, இரண்டும் அதில் சேர்ந்தே இருந்தன. ரஷ் லேனின் ஓவியங்களுக்கும் விலக்குக் கிடைத்தது.

அந்தத் திட்டத்தின் பிள்ளைதான் 2012இல் தொடங்கிய ஸ்ட்ரீட்ஆர்ட்ரொறன்ரோ என்ற மாநகரசபையின் தெருக்கலைத் திட்டம், சுருக்கமாக ஸ்டார்ட். இது கலைத் துறையின் கீழ் இல்லை, போக்குவரத்துத் துறையின் கீழ் இருக்கிறது. பாலத்தின் அடிப்பகுதி, தாங்குசுவர், சிக்னல் பெட்டி எல்லாம் அந்தத் துறையின் கையில்தானே இருக்கின்றன! அடிக்கடி கிறுக்கப்படும் இடத்தில் முன்கூட்டியே நல்ல ஓவியம் இருந்தால் கிறுக்கல் குறைகிறது, திரும்பத் திரும்ப அழிக்கும் செலவும் மிச்சம் என்பதுதான் யோசனை.

ஸ்டார்ட்டுக்குள் பல பிரிவுகள் உண்டு. பெரிய சுவரோவியங்களுக்கான கூட்டுத் திட்டத்தில் இலாபநோக்கற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. கடைக்காரர் நேரடியாகப் பணம் கேட்கும் திட்டமல்ல இது. ஒரு சமூக அமைப்போடு சேர்ந்து உங்கள் சுவரைக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்து மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வீர்கள், பிறகு ஓவியத்தை யார் பராமரிப்பார்கள் என்பதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். தனி ஓவியர்களுக்கு ஏற்றது சிக்னல் பெட்டித் திட்டம். தெருமுனைகளில் வண்ணமாக நிற்கும் போக்குவரத்து சிக்னல் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அவை இதில் வந்தவைதான். வரையும் ஆசை உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் போகும்போது தெரியும் வானவில் சுரங்கம் நினைவிருக்கிறதா? 1972இல் ஒரு இளைஞன் அனுமதி எதுவும் இல்லாமல் வரைந்தது அது. மாநகரசபை அழிக்க, அவன் மறுபடி வரைய, இப்படியே பல வருடங்கள் போயின. பின்னர், 2012இல் தொடங்கி, ஸ்காபரோவில் பிறந்த மியூரல் ரூட்ஸ் அமைப்பு அதைப் புதுப்பித்தது. ஒரு காலத்தில் குற்றமாக இருந்ததை ஊரே காப்பாற்றியது. ஸ்காபரோவின் கிங்ஸ்டன் வீதியில் அந்த இடத்தின் பழைய கதையைச் சொல்லும் சுவரோவியங்களை வரிசையாகக் கொண்டுவந்ததும் இதே அமைப்புதான்.

ஒன்றில் மட்டும் கவனம். ஓவியத்துக்குள் கடைப் பெயர், தொலைபேசி எண், விற்கும் பொருள் எல்லாம் வந்துவிட்டால் அது விளம்பரப் பலகை விதிக்குள் போய்விடலாம். அதற்கு வேறு அத்தியாயம், வேறு அனுமதி.

இதுவரை சொன்னது ரொறன்ரோவுக்கு மட்டும். மற்ற நகரங்களில் விதி வேறு. ஆனால் ஓவியரின் உரிமை நாடு முழுவதும் ஒன்றுதான், ஏனென்றால் அது கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம். சுவர் உங்களுடையது, பணமும் நீங்கள்தான் கொடுத்தீர்கள். ஆனாலும் ஓவியர் உங்கள் ஊழியராக இல்லாதவரை, எழுத்தில் மாற்றித் தராதவரை, பதிப்புரிமை பொதுவாக அவருடையது. அதற்கு மேல் தார்மீக உரிமை என்று ஒன்றும் உண்டு. அவர் மதிப்புக்குக் கேடாகப் படைப்பை மாற்றக் கூடாது. ஓவியம், சிற்பம் என்றால் சிதைத்தாலோ மாற்றினாலோ கேடு நடந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ரொறன்ரோவின் ஈட்டன் சென்டர் கடைத்தொகுதியில் தொங்கும், கலைஞர் மைக்கேல் ஸ்னோவின் வாத்துச் சிற்பங்களுக்குக் கிறிஸ்மஸ் காலத்தில் ரிப்பன் கட்டினார்கள். ஸ்னோ வழக்குப் போட்டார். 1982இல் நீதிமன்றம் ரிப்பனை அவிழ்க்கச் சொன்னது.

ஓவியத்தைப் படமெடுத்து டீசேர்ட்டில் அச்சிட்டு விற்பதற்கும் ஓவியரின் அனுமதி வேண்டும். தெருவில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்க சட்டத்தில் விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் சுவரோவியம் இல்லை.

ஆகவே வரையத் தொடங்கும் முன் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். எவ்வளவு காலம் இருக்கும், யார் பழுதுபார்ப்பது, சுவரை இடிக்கவோ ஜன்னல் வைக்கவோ நேர்ந்தால் எத்தனை நாள் முன்னால் ஓவியருக்குச் சொல்வது, படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாடகைக் கடை என்றால் கட்டடச் சொந்தக்காரரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் வந்தால் அது பொதுவாக அவருக்குத்தான் போகும்.