சொல் விளக்கம்: அவரவர் பேணல் திட்டம்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் காதில் இப்போது அடிக்கடி விழும் ஒரு தொடர், 'பெர்சன் சென்டர்ட் கேர் பிளானிங்'. தெரப்பிஸ்ட் சொல்கிறார், பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். தமிழில் என்னவென்று கேட்டால் 'நபர் மையப் பராமரிப்புத் திட்டமிடல்' என்று வருகிறது. அதைக் கேட்ட பெற்றோர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். விஷயம் என்னவோ எளிமையானதுதான். உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள ஒருவருக்கு யார், எப்போது, எந்த விதத்தில் உதவுவது என்பதை அவரிடமிருந்தே தொடங்கி, அவரையும் உடன் வைத்துக்கொண்டு முடிவு செய்வது.

மொழிபெயர்ப்பு எங்கே சறுக்குகிறது? முதலில் 'நபர்'. அரபியிலிருந்து வந்த சொல். நம் நாளிதழ்களில் 'மர்ம நபர்', 'அடையாளம் தெரியாத நபர்' என்றுதான் அதிகம் புழங்குகிறது. ஒருவரை நன்றாக அறிந்துகொண்டு செய்யவேண்டிய வேலைக்கு, முகம் தெரியாதவரைக் குறிக்கும் சொல் பொருந்தவில்லை. 'தனிநபர்' இன்னும் சிக்கல். இந்தத் திட்டத்தில் ஆள் தனியாக இல்லை. அம்மா, அக்கா, பக்கத்து வீட்டு அங்கிள், ஆசிரியர் எல்லாரும் உண்டு.

அடுத்து 'மையம்'. 'சென்டர்' என்பதன் வேர் கிரேக்க 'கென்ட்ரோன்', கூர்முனை. வட்டம் வரையும்போது காகிதத்தில் ஊன்றும் முள் அது. வட்டத்தின் எந்தப் புள்ளியையும் அங்கிருந்துதான் அளக்கவேண்டும் என்ற கருத்து அந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழிலோ மையம் என்றால் சேவை மையம், பயிற்சி மையம் என்று கட்டடம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'மையப் பராமரிப்பு' என்பதை 'மையத்தில் கொண்டுபோய் விடுவது' என்றே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது நேர் எதிரான பொருள்.

ஏனென்றால் இந்தக் கருத்து வளர்ந்ததே அப்படிப்பட்ட பெரிய விடுதிகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவரும் முயற்சியில்தான். 1951-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், சிகிச்சைக்கு வருபவரை முன்னிறுத்தும் முறையைப் பற்றி எழுதினார். தன் வாழ்க்கையைப் பற்றி அதிகம் அறிந்தவர் அவரே என்பது அதன் அடிப்படை. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜான் ஓ'பிரையன், பெத் மவுண்ட், மார்ஷா ஃபாரஸ்ட் போன்றோர் இதே எண்ணத்தை உடற்குறை, கற்றல் குறைபாடு உள்ளோருக்கான திட்டமிடலாக வளர்த்தார்கள். கனடாவின் ஜூடித் ஸ்னோவை இங்கே சொல்லியாக வேண்டும். கைகால் அசைக்க முடியாத அவர் மருத்துவமனை வாழ்க்கையில் முடங்கிக் கிடந்தபோது, நண்பர்கள் ஒரு வட்டமாகக் கூடி அவரைச் சொந்த வீட்டு வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அவரே இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். இங்கிலாந்து 2001-இல் இதை அரசுக் கொள்கையில் சேர்த்தது. மலேசியாவில் உடற்குறையாளர் சட்டம் 2008-இல் வந்தது; உடற்குறையாளர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை 2010-இல் நாடு ஏற்றது.

சரி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? இந்தத் துறையில் பழகியவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்பார்கள்: அவருக்கு எது முக்கியம், அவர் நலத்துக்கு எது முக்கியம். தமிழில் இதை 'அவர் வேண்டுவது', 'அவருக்கு வேண்டியது' என்று சொல்லிவிடலாம். நம் வீடுகளில் இரண்டாவதை ஒரு குறையும் இல்லாமல் செய்கிறோம். முதலாவதைக் கேட்பதே இல்லை. "அவனுக்கு என்ன தெரியும், நாங்க பாத்துக்கிறோம்" என்பது பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனாலும் அதோடு கேள்வி முடிந்துபோகிறது.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகனுக்கு டவுன் சின்ட்ரோம், வளர்ந்த ஆள், பேச்சு குறைவு. முதலில் எழுதிய திட்டத்தில் எடை குறைய வேண்டும், தைராய்டு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது, சட்டைப் பொத்தான் போடப் பழக வேண்டும் என்று இருந்தது. எல்லாம் வேண்டியவையே. அவர் வேண்டுவது எதுவும் அதில் இல்லை. அக்காவின் கைப்பேசியில் ஃபெரி படத்தைத் தேடி எடுத்து அவர் திரும்பத் திரும்பக் காட்டுவதை அப்புறம்தான் கவனித்தார்கள். இப்போது திட்டத்தின் முதல் வரி 'எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபெரி'. துறைக்கு நடந்தே போகிறார்கள். எடைக்கான நடை அதிலேயே சேர்ந்துவிட்டது. ஜார்ஜ்டவுனில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் ஒரு தே தாரிக். அதை அவரே கேட்டு வாங்குகிறார். 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்ற இரண்டு மலாய்ச் சொற்களை அதற்காகவே பழகினார்.

பேச்சே இல்லாதவருக்கும் இது முடியும். தாளில் நான்கு கட்டங்கள் போதும்: என்ன நடக்கிறது, அவர் என்ன செய்கிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறோம், நாம் என்ன செய்யவேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை போகும் வழியில் உருமி ஒலிக்கிறது; காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்; சத்தம் தாங்கவில்லை; மேளம் தள்ளிப்போகும்வரை பக்கத்துச் சந்தில் நிற்போம். பிடிவாதம் என்று பேர் வைத்த எத்தனையோ விஷயங்கள் மூன்றாம் கட்டத்தில் வேறு பெயர் பெறுவதைப் பார்க்கலாம்.

இதைப் பள்ளியின் ஆர்பிஐயோடு, அதாவது மாணவர் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதும் கல்வித் திட்டத்தோடு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது படிப்புக்கான திட்டம், பள்ளியோடு முடிந்துவிடும். உடற்குறையாளருக்கான ஓகேயு கார்டும் வேறு; அது பதிவு. ஓகேயு என்பது 'ஓராங் கூராங் உப்பாயா', ஆற்றல் குறைந்தவர் என்பதன் சுருக்கம். அந்தப் பெயரில் உள்ள 'உப்பாயா' வடமொழி 'உபாய', நம்முடைய உபாயமும் அதுவேதான். மலாயில் ஆற்றல் என்ற பொருளில் வழங்குகிறது, தமிழில் வழி. குறைவாக இருப்பது வழிதான் என்று படித்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

கடைசியாக 'கேர்'. பழைய ஆங்கிலத்தில் இதற்குத் துயரம், கவலை என்றே பொருள். தமிழில் 'பராமரிப்பு' சாலைக்கும் லிஃப்ட்டுக்கும் கூடச் சொல்லும் சொல்லாகிவிட்டது. 'பேணு' அப்படியில்லை. காப்பது, மதிப்பது, விரும்புவது மூன்றும் அதில் உண்டு. 'பெரியாரைப் பேணித் தமராக் கொளல்' என்று குறள் சொல்லும்போது அது மதிப்பு கலந்த பேணல்.

ஆகவே 'அவரவர் பேணல் திட்டம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. 'அவரவர்' என்றதும் ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது என்பதும், அது அவருக்கே சொந்தம் என்பதும் விளங்கிவிடுகிறது. மரியாதையும் கூடவே வருகிறது. 'அவரவர்க்கேற்ற' என்று நீட்ட வேண்டாம். எது ஏற்றது என்று மற்றவர் முடிவு செய்வதுபோல் ஆகிவிடும். எழுதும்போது வாக்கியங்கள் 'நான்', 'எனக்கு' என்று தொடங்கட்டும். பேச முடியாதவருக்காக நாம் ஊகித்து எழுதிய வரி என்றால், 'இப்படி நினைக்கிறோம்' என்று சேர்த்துத் தேதியும் போட்டுவைத்தால் அடுத்த முறை திருத்த வசதி.