பிள்ளைக்கும் தனியாகப் பதிய வேண்டும்: இத்தாலியிலிருந்து பிரித்தானியா வந்த தாய்மாருக்கு

"பிள்ளை இங்கதானே அக்கா பிறந்தவள், பிறகு என்ன பதிவு?"

இந்தக் கேள்வியை எத்தனை குசினி மேசைகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இத்தாலியின் பலெர்மோவில் பத்துப் பதினைந்து வருடம் இருந்து, சித்தாதினான்சா (இத்தாலியக் குடியுரிமை) எடுத்து, பிரெக்சிட் கதவு மூடுவதற்குள் லண்டனுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இங்கே தொடர்ந்து இருப்பதற்கான பதிவு சரியாக இருக்கும். இத்தாலியில் பிறந்த மூத்த பிள்ளைக்கும் இருக்கும். இங்கே பிறந்த கடைக்குட்டிக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

பின்னணி சுருக்கமாக. 2020 டிசம்பர் 31-க்குள் பிரித்தானியாவில் குடியிருந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தொடர்ந்து இருப்பதற்கு ஈ.யூ. செட்டில்மென்ட் திட்டத்தில் பதிய வேண்டும். ஐந்து வருடம் முடித்தவருக்கு செட்டில்ட் (நிரந்தரமாக இருக்கும் உரிமை), முடிக்காதவருக்கு பிரீ-செட்டில்ட் (தற்காலிக உரிமை). விண்ணப்பம் இலவசம். பொதுக் கெடு 2021 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது.

இனிமேல்தான் பொறி. பிரித்தானிய மண்ணில் பிறந்த எல்லோரும் பிரித்தானியர் என்ற சட்டம் 1983 ஜனவரி 1-உடன் போய்விட்டது. இப்போது பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை பிறந்த அன்று தாய் தகப்பனில் ஒருவருக்காவது செட்டில்ட் (அல்லது பிரித்தானியக் குடியுரிமை) இருந்ததா? இருந்தால் பிள்ளை பிறந்தபோதே பிரித்தானியர். நேரே பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுக்கலாம், செட்டில்மென்ட் திட்டத்தில் போட்டால் அங்கே நிராகரித்துவிடுவார்கள். இருவரிடமும் பிரீ-செட்டில்ட்தான் இருந்தது என்றால் பிள்ளை பிரித்தானியர் இல்லை. அடுத்த வாரமே தாய்க்கு செட்டில்ட் வந்தாலும் அது பின்தேதிக்குப் போய் ஒட்டாது.

இந்த ஒரு வாரத்தின் விலை என்ன தெரியுமா? பிறகு அந்தப் பிள்ளையைப் பிரித்தானியராகப் பதிவதற்கு எம்.என்.1 படிவம் போட வேண்டும். 2025-இல் அதற்குக் கட்டணம் 1,214 பவுண்ஸாக இருந்தது. கட்ட முடியாத குடும்பங்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். அதற்கு வங்கிக் கணக்கு, வாடகை, சம்பளச் சீட்டு என்று வீட்டுக் கணக்கு முழுவதையும் அவிழ்த்து வைக்க வேண்டும். செட்டில்ட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் இல்லை. ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு தங்கச்சிக்கும் நான் சொல்வது இதுதான்: ஐந்து வருடம் ஆகிவிட்டதா என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஆகியிருந்தால் தொட்டில் வாங்குவதற்கு முன் விண்ணப்பத்தை அனுப்புங்கள். மனுசனும் அனுப்பட்டும், யாருக்கு முதலில் வருகிறதோ அது போதும்.

"நான் அம்மாவைப் பார்க்க இடையில் இத்தாலிக்குப் போய் நின்றனான், ஐந்து வருடம் உடைந்துவிட்டது" என்று கையை விட்டவர்கள் நிறையப் பேர். முன்பு பன்னிரண்டு மாதத்துக்குள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி உடையும் என்பது கடுமையாகவே இருந்தது. பிரசவம் போன்ற முக்கிய காரணத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு மாதம் வரை விட்டார்கள். 2025 ஜூலை 16 முதல் பிரீ-செட்டில்ட் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடைசி 60 மாதத்தில் மொத்தமாக 30 மாதம் பிரித்தானியாவில் இருந்திருந்தால் செட்டில்ட் கேட்கலாம். இதை யாரும் கடிதம் போட்டு உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லப் போவதில்லை.

பிரசவத்துக்கு அம்மாவிடம் போவது எங்களுக்குப் புதிதில்லை. பத்தியச் சாப்பாடு, வேது தண்ணீர், தூக்கிவைக்க நாலு கை, எல்லாம் பலெர்மோவில்தான் இருக்கிறது. ஆனால் வெறும் செட்டில்ட் உள்ள தாய் இத்தாலியில் பெற்றால் பிள்ளை பிரித்தானியர் ஆகாது. இங்கே பெற்றிருந்தால் ஆகியிருக்கும். யோசித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சரி, பிள்ளை பிரித்தானியர் இல்லை என்று வந்துவிட்டது. அப்போது பிள்ளையின் பெயரில் செட்டில்மென்ட் திட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். கெடு, பிறந்து மூன்று மாதம். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜி.பி. பதிவில் யாரும் கேட்பதில்லை. நேர்சரியும் பள்ளிக்கூடமும் கேட்பதில்லை. சைல்ட் பெனிபிட் (பிள்ளைக்கான அரசாங்க உதவிக் காசு) கூட தாயின் பதிவைப் பார்த்துத்தான் வருகிறது, பிள்ளையின் பதிவைப் பார்த்து அல்ல. "காசு வருகிறதே, அப்போ பிள்ளை பதிந்துதானே இருக்கு" என்று ஒரு தாய் என்னிடம் வாதாடினார். இல்லை. பதினாறு, பதினெட்டு வயதில் பகுதிநேர வேலைக்கு ஷெயார் கோட் (இங்கே இருக்கும் உரிமையை இணையத்தில் காட்டும் இலக்கம்) கேட்கும்போது, பல்கலைக்கழகக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த வெற்றிடம் தெரியவரும். அதுவரை நாடே மௌனமாக இருக்கும்.

மூன்று மாதத்தைத் தவறவிட வைக்கிற இன்னொரு விஷயம் இத்தாலியக் கடவுச்சீட்டு. கைத்தொலைபேசிச் செயலியில் பிள்ளையின் கடவுச்சீட்டுச் சிப்பை ஸ்கான் செய்து, வெள்ளைப் போர்வையில் படுக்க வைத்துப் படம் எடுத்தால் அரை மணித்தியால வேலை. ஆனால் கடவுச்சீட்டு வேண்டுமே. அதற்குப் பிறப்பை இத்தாலியக் கொமூனேயில் (நகரசபையில்) பதிய வேண்டும். அதற்குக் கொன்சொலாத்தோ (இத்தாலியத் துணைத் தூதரகம்) வழியாகப் போக வேண்டும். அதற்குத் தாய் தகப்பன் ஆயிரே பதிவில் (வெளிநாட்டில் வாழும் இத்தாலியர் பதிவேட்டில்) இருக்க வேண்டும். பாதிப்பேர் அதில் இல்லை. இருப்பவர்களும் நள்ளிரவில் கணினிக்கு முன் உட்கார்ந்து நேரம் பிடிக்கப் பார்க்கிறார்கள், பக்கம் திறந்ததும் எல்லாம் போய்விடுகிறது. மூன்று மாதம் பறந்துவிடும், பிள்ளை குப்புறப் படுக்கத் தொடங்கிவிடும்.

இப்படி மாட்டிக்கொண்டால் கடவுச்சீட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கைக்கு எட்டாத காரணத்தால் கடவுச்சீட்டு எடுக்க முடியவில்லை என்றால், வேறு ஆதாரத்தோடு விண்ணப்பிக்க ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) விதியில் இடம் உண்டு. அதற்குக் காகிதப் படிவம்தான், செட்டில்மென்ட் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டு வாங்க வேண்டும். அழைப்பில் இருப்பவர் முதலில் "ஓன்லைனில் போடுங்கள்" என்பார். இரண்டாம் தடவை அழுத்திச் சொல்லுங்கள். கொன்சொலாத்தோவில் நேரம் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷொட்களை, மின்னஞ்சல்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பிள்ளையின் சிவப்புப் புத்தகம் (குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம்), ஜி.பி. கடிதம், தாய் தகப்பன் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், இவை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூத்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயர் இல்லாத குட்டைச் சான்றிதழை வைத்திருப்பவர்கள் உண்டு. அது உதவாது, முழுதை எடுங்கள்.

படிவத்தில் பெற்றோரின் விண்ணப்ப இலக்கத்தைக் கேட்கும் இடம் ஒன்று வரும். அதை வெற்றிடமாக விடாதீர்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் பிள்ளை உங்களோடு இணைக்கப்படும். விட்டால் பிள்ளை தன் சொந்தக் காலில் நின்று ஆதாரம் காட்ட வேண்டும், ஆறு மாதக் குழந்தைக்கு எங்கே போவது வங்கிக் கணக்குக்கு? இன்னொன்று: உங்களுக்கு செட்டில்ட் வந்ததும் பிரீ-செட்டில்டில் இருக்கும் பிள்ளைக்கும் உடனே தனியாக விண்ணப்பம் போடுங்கள். செட்டில்ட் பெற்ற தாயின் பிள்ளை ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்று மாதம் எப்போதோ போய்விட்டதா? பிந்திய விண்ணப்பம் போடலாம். 2023 ஓகஸ்ட் 9 முதல் பிந்தியதற்கான காரணத்தை முதலிலேயே பார்க்கிறார்கள், காரணம் ஏற்கப்படாவிட்டால் விண்ணப்பமே செல்லாது. பெரியவர்களுக்கு இது கஷ்டம். பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை, பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதே பொதுவாக நியாயமான காரணமாக ஏற்கப்படுகிறது. அதனால் காரணப் பெட்டியில் கதை கட்டாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு யாரோ ஏஜென்ட் "தாய்க்கு நீண்டகால நோய்" என்று எழுதிக் கொடுத்து, பிறகு ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்டு வந்து அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இலவச விண்ணப்பத்துக்கு அந்த ஆள் காசும் வாங்கியிருந்தார். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம், பதிவு பெற்ற ஆலோசகர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனி சைல்ட் பெனிபிட். 2025-26-இல் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்ஸும், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 17.25-உம் ஆக இருந்தது. பின்தேதிக் காசு மூன்று மாதத்துக்கு மட்டும்தான். முதல் பிள்ளைக்குப் பத்து மாதம் பிந்திப் போட்டால் ஏறக்குறைய முப்பது வாரக் காசு, அந்த வீதத்தில் 781.50 பவுண்ஸ், திரும்ப வராது.

தாய்க்கு பிரீ-செட்டில்ட் என்றால் இங்கே இன்னொரு பொறி. பிரீ-செட்டில்ட் மட்டும் காட்டினால் போதாது, வேலை செய்கிறவர் என்றோ வேலை செய்கிறவரின் குடும்பத்தவர் என்றோ காட்ட வேண்டும். வீட்டில் பிள்ளையோடு இருக்கும் தாய் தன் பெயரில் மட்டும் போட்டு, மனுசனின் வேலையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டு, "உரிமை இல்லை" என்று பழுப்பு உறையில் கடிதம் வாங்கிய சம்பவங்கள் பல. மனுசனின் சம்பளச் சீட்டையும் திருமணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள். "பேசாமல் அவர் பெயரில் போடுவம்" என்பதும் சுலபம்தான், ஆனால் அப்போது பென்ஷனுக்குச் சேரும் நேஷனல் இன்சூரன்ஸ் வரவு, வேலையில் இருந்து ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிற அவர் பெயரில் போய் வீணாகும். பிள்ளைக்குப் 12 வயது ஆகும் வரை அந்த வரவு தாய்க்குத்தான் தேவை. அப்படி நடந்திருந்தால் சி.எப். 411 ஏ படிவத்தால் மாற்றலாம். மனுசனின் வருமானம் 60,000 பவுண்ஸைத் தாண்டினால் காசைப் பகுதி பகுதியாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000-இல் முழுதும் போகும். அப்போதும் அந்த வரவுக்காகப் படிவத்தை நிரப்பி, காசு வேண்டாம் என்று மட்டும் தெரிவு செய்யுங்கள்.

இத்தாலியில் அசெஞ்ஞோ ஊனிகோ (அந்த நாட்டுப் பிள்ளைக் காசு) வாங்கிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்கள் இன்ப்ஸுக்கு (இத்தாலியச் சமூகக் காப்புறுதி அலுவலகத்துக்கு) தெரிவித்து நிறுத்த வேண்டும். "அவர்களாகவே நிறுத்துவார்கள்" என்பதை நம்ப வேண்டாம். பிறகு திருப்பிக் கேட்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள். இப்படியான படிவ வேலைகளுக்கு உதவும் இத்தாலிய அலுவலகமான பத்ரொனாத்தோ லண்டனிலும் இருக்கிறது, இலவசமாகச் செய்து தருவார்கள்.

கோடை விடுமுறைக்கு வருவோம். இத்தாலியில் பள்ளி ஜூனில் மூடினால் செப்டம்பரில்தான் திறக்கும், இங்கே ஆறு வாரம். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளையோடு பாட்டி வீட்டில் மூன்று மாதம் நிற்கலாம் என்று தோன்றும். எட்டு வாரத்துக்கு மேல் வெளியே நின்றால் சைல்ட் பெனிபிட் நிற்கும், அதை எச்.எம்.ஆர்.சி.க்கு (அந்தக் காசைக் கொடுக்கும் வரித் திணைக்களத்துக்கு) நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒழுங்காக இரண்டு வாரத்தில் திரும்பியவர்களுக்கும் 2025-இல் அடி விழுந்தது. பயணத் தரவை வைத்து, நாட்டைவிட்டுப் போனவர்கள் என்று சுமார் 23,500 குடும்பங்களுக்குக் காசை நிறுத்தினார்கள். திரும்பி வந்த பதிவு தரவில் இல்லாததால் பலர் மாட்டினார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் பிள்ளை இங்கேதான் இருக்கிறது என்று நிரூபிக்கும் வேலை தாய்மார் தலையில்தான் விழுந்தது. திரும்பி வந்த போர்டிங் பாஸை வீசாதீர்கள்.

விமான நிலையத்தில் இன்னும் இரண்டு. பதிவில்லாத பிள்ளைக்கு ஈ.டி.ஏ. (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) எடுத்துக் கூட்டிவராதீர்கள். 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியருக்கும் வந்த அந்த அனுமதி விருந்தாளிகளுக்கானது, இங்கே வாழும் பிள்ளையை நீங்களே விருந்தாளி ஆக்கிவிடுவீர்கள். மற்றது, பிறப்பால் பிரித்தானியரான பிள்ளை இத்தாலியக் கடவுச்சீட்டோடு மட்டும் திரும்ப ஏற முடியாது. 2026 பெப்ரவரி 25 முதல் பிரித்தானியக் கடவுச்சீட்டோ, இங்கே வாழும் உரிமையைக் காட்டும் உரித்துச் சான்றோ காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்குக் கொடுத்த கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புது இலக்கத்தை ஈ-விசா கணக்கில் (இணையத்தில் இருக்கும் குடிவரவுப் பதிவில்) மாற்றாமல் போய், பெட்டியோடு திரும்பி வந்ததும் உண்டு.

இத்தாலிப் பக்கத்திலும் கவலைப்பட ஒன்று வந்திருக்கிறது. 2025 மார்ச் ஆணையும் மே மாதத்து 74-ஆம் சட்டமும் வந்தபின், வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உள்ள பிள்ளைக்கு இத்தாலியக் குடியுரிமை தானாக வராது. பெற்றோரிலோ அவர்களுடைய பெற்றோரிலோ ஒருவர் இத்தாலியக் குடியுரிமை மட்டுமே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய் தகப்பனில் ஒருவர் இத்தாலியரான பிறகு, பிள்ளை பிறப்பதற்கு முன், இத்தாலியில் தொடர்ந்து இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும். சித்தாதினான்சா கையில் வந்த மாதமே லண்டனுக்கு ஏறி, இங்கே பிரித்தானியக் குடியுரிமையும் எடுத்தவர்கள் இதைக் கவனியுங்கள். தகப்பன் இத்தாலியராக மட்டும் இருந்தால் தப்பலாம். இருவரும் ஒன்றாகப் பிரித்தானியக் குடியுரிமைக்கு ஓடுவதற்கு முன் இதை ஒருமுறை பேசி முடிவெடுங்கள்.

ஆயிரே பதிவுக்கு, இங்கே குடிவந்ததிலிருந்து 90 நாள் கெடு. 2024 முதல் பதியாதவருக்கு வருடத்துக்கு 200 முதல் 1,000 யூரோ வரை தண்டம், ஐந்து வருடம் வரைக்கும் ஏறும். பிள்ளைக்கு வேண்டிய எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குவதால் இதை முதலில் முடியுங்கள். பிறப்பைப் பதியப் போகும்போது முழுச் சான்றிதழில் இரண்டு பிரதி கேளுங்கள். ஒன்று கொமூனேக்குப் போனால் திரும்பி வராது.