வீடியோ போடுவதற்கு முன்னால் விண்ணப்பம் போடுங்கள்

போன வாரம் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்க வேண்டும் என்று திருப்பூரிலிருந்து ஒருவர் என்னிடம் வந்திருந்தார். சாயக் கழிவுநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் குழாய்களில் உப்பு பாறை மாதிரிப் படியும். ஓட்டத்தை நிறுத்தி, ஆசிட் விட்டுக் கழுவி, மறுபடி சூடேற்ற வேண்டும். இவர், ஓடும்போதே உப்பைச் சுரண்டிவிடும் சுழல் கத்தி ஒன்று செய்திருக்கிறார். நல்ல வேலைப்பாடு. “எங்கே, காட்டுங்க” என்றேன். பையைத் திறப்பார் என்று பார்த்தால் செல்போனை எடுத்தார். யூடியூப்.

பதினோரு நிமிட வீடியோ. கத்தி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாகைமானி வைத்து அளந்தே காட்டுகிறார். பதிவேற்றிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. “தேதியோட இருக்குதுங்க சார். நாந்தான் மொதல்ல பண்ணுனேன்னு இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?” என்றார்.

இந்த வருடம் என் மேசைக்கு வந்த ஐந்தாவது ‘சாட்சி’ இது. பொறுமை போய்விட்டதால் எழுதுகிறேன்.

அந்தத் தேதி உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். நீங்கள் விண்ணப்பம் தாக்கல் செய்யும் நாள்வரை உலகில் எங்கும் வெளிவராத பொருளுக்குத்தான் காப்புரிமை. வெளியிட்டது போட்டியாளரா நீங்களா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் வாயால் நீங்களே சொன்னாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான். காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் இணையத்தில் தேடுவார், உங்கள் வீடியோவே முதலில் வந்து நிற்கும். “என் வீடியோவை எவனும் திருட முடியாதே?” என்பார்கள். முடியாது. வீடியோவின் பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் அதைப் பார்த்து அதே கத்தியைச் செய்து விற்பவனை அந்தப் பதிப்புரிமை தொடாது. இரண்டும் வேறு வேறு. இதை எத்தனை தடவை சொன்னாலும், தனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கும் என்றுதான் கேட்பவர் முகம் சொல்லும்.

விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் ஊசிமுனை அளவு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, கற்றறிந்தோர் சங்கம் ஒன்றின் முன் கட்டுரையாக வாசித்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். நம் ஊர் இயந்திரக் கண்காட்சி ஸ்டால்கள் அநேகமாக இதில் வராது. அமெரிக்காவில் ஒரு வருடம் அவகாசம் உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களே, நீங்கள் விண்ணப்பிக்கப்போவது சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில்.

தூய தொழில்நுட்பத்தில், அதாவது மாசைக் குறைக்கும் கருவிகள் செய்வதில், இருப்பவர்களிடம் நான் கூடுதலாகக் கத்துவதற்குக் காரணம் உண்டு. மற்ற துறைகளில் ஒரு தேவை இருப்பதை யாராவது ஒருவர் மோப்பம் பிடிக்க வேண்டும். இங்கே தேவையைப் பெரும்பாலும் சட்டம்தான் உண்டாக்குகிறது, அதுவும் ஒரே நாளில், எல்லோர் காதிலும் விழும்படி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவுநீர் விடக்கூடாது என்பது நிபந்தனை. அன்றிலிருந்து உப்பை எப்படிப் பிரிப்பது, படிந்ததை எப்படி எடுப்பது என்று நூறு பட்டறையில் நூறு பேர் யோசித்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்தபோதும் இதே கதை. ஒரே கேள்வித்தாளை எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும்போது, யார் முதலில் யோசித்தார் என்பதற்கு மதிப்பில்லை, யார் முதலில் தாக்கல் செய்தார் என்பதற்குத்தான்.

சரி, காப்புரிமை கையில் வந்துவிட்டால் வியாபாரம் தானாக வருமா? வராது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அதை நம்பிக் கருவி செய்தவரின் காப்புரிமை செல்லும், வாங்கத்தான் ஆள் குறைவு. புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் வருடா வருடம் தவறாமல் கேட்கும்.

‘உலகப் பேட்டன்ட்’ என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.சி.டி. என்கிற சர்வதேச உடன்படிக்கை பல நாடுகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் வழி மட்டுமே, முடிவு அந்தந்த நாட்டில்தான். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதால் சீக்கிரம் தருவார்கள் என்பதும் பொய். பிரிட்டனில் 2009 முதல் பசுமைத் தொழில்நுட்பத்துக்குத் தனி வரிசை இருக்கிறது. இங்கே ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் போன்றோருக்கு விரைவுப் பரிசீலனை உண்டு, பசுமைக்கென்று இல்லை.

ஆகவே தயவுசெய்து, முதலில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். எழுதிக் கொடுப்பவர் கூலி தனி, மறைக்கவில்லை. முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும், மறந்தால் போச்சு. ஆலையில் சோதித்துப் பார்க்கும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். “மாமா பையன் மில்லுதானுங்க” என்றாலும் வாங்குங்கள். வெளிநாட்டில் போடுவதானால் முதலில் இங்கே அனுமதி வாங்குங்கள், அல்லது இங்கே போட்டு ஆறு வாரம் காத்திருங்கள். அவசரப்பட்டால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும்.

திருப்பூர்க்காரரிடம் கடைசியாகக் கேட்டேன், வீடியோவுக்கு அப்புறம் கத்தியில் ஏதாவது மாற்றினீர்களா என்று. மாற்றியிருக்கிறார். குழாய் தேயத் தேயக் கத்தியும் ஒட்டி அமர, அடியில் ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு. பழைய வீடியோவை எதிரில் வைத்துப் பார்த்தால் இது தேறுமா என்பது தனி வழக்கு, ஆனாலும் முயன்று பார்க்கலாம்.

“இதை யாருக்காவது காட்டினீங்களா?”

“இன்னும் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை வீடியோ எடுக்கலாம்னு இருந்தேன்.”

செல்போனை வாங்கி என் பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டு, பேப்பரை எடுத்தேன்.