தியாலஜி: இறையியலா, சமயவியலா?

தியாலஜி (theology) என்பதற்குத் தமிழில் இறையியல் என்கிறோம். பொருத்தமான சொல்தான். ஆனால் மதங்களைப் பற்றி யார் எதை ஆராய்ந்தாலும் அதற்கும் இறையியல் என்றே பெயர் வைத்துவிடுகிறோம். அது சரியில்லை.

கிரேக்கத்தில் தியோஸ் கடவுள். லோகோஸ் என்றால் சொல், பேச்சு, காரணத்தோடு கூடிய விளக்கம். இரண்டும் சேர்ந்த தியோலோகியா பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலேயே வருகிறது. கவிஞர்கள் தெய்வங்களை எப்படிச் சித்திரிக்க வேண்டும் என்று விவாதிக்கும் இடம் அது. கிறித்தவ நம்பிக்கையை முறையாக ஆராயும் படிப்பு என்ற பொருள் இடைக்கால ஐரோப்பாவில்தான் நிலைபெற்றது. 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் அபெலார்டு தன் நூலுக்கே இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முந்தைய நூற்றாண்டில் கிறித்தவத் துறவி ஆன்செல்ம் ‘புரிதலைத் தேடும் நம்பிக்கை’ என்றார். இறையியலின் போக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது: நம்பிக்கை முதலில் இருக்கிறது, அறிவு அதை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறது.

இறை என்ற சொல் பழந்தமிழில் அரசனையும் குறித்தது. குறளின் ‘இறைமாட்சி’ அதிகாரம் அரசனைப் பற்றியது. அதே நூலின் கடவுள் வாழ்த்தில் ‘இறைவன்’ கடவுள். இன்று கடவுள் என்ற பொருளே முன்னிற்பதால் இறையியல் எளிதாகப் புரிகிறது. கிறித்தவத்துக்கு மட்டும் உரிய சொல்லாகவும் அதைச் சுருக்க வேண்டியதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) பேசும் சைவ சித்தாந்தமும் இறையியலே. இஸ்லாமிய மரபில் இறைநம்பிக்கையைத் தர்க்கத்தோடு விளக்கும் ‘கலாம்’ என்ற துறையும் அப்படித்தான்.

சரி, படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தை ஆராய்ந்தால்? அங்கே இறையியல் என்ற பெயர் ஒட்டாது. சமயவியல் என்ற தனிச்சொல் தேவைப்படுவது இங்கேதான். மொழியியல் அறிஞர் மாக்ஸ் முல்லர் 1870இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் அறிவியலை முன்வைத்தார். ஒரு சமயத்தை மட்டும் அறிந்தவர் எதையும் அறியாதவர் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அறிஞர் நினியன் ஸ்மார்ட் 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு துறையைத் தொடங்கினார். கோட்பாட்டோடு சடங்கு, கதை, அறம், அனுபவம், சமூக அமைப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார்.

பிரார்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அறிந்த இறைவனிடம் ஏன் கேட்க வேண்டும் என்பது இறையியல் கேள்வி. யார், எப்போது, எந்தச் சொற்களால் வேண்டுகிறார்கள், அது அவர்களை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பது சமயவியல் கேள்வி. இரண்டாவதைக் கேட்பவர் ஆழ்ந்த பக்தராகவும் இருக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வுக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

மதவியல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்குச் சமயவியலே பிடிக்கும். காரணம் மணிமேகலை. ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி (சமணர்), சாங்கியர், பூதங்களே எல்லாம், மறுமை இல்லை என்னும் பூதவாதி எல்லாரும் சமயக்கணக்கர்களாகவே வருகிறார்கள். கடவுளை ஏற்பவரையும் ஏற்காதவரையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் அப்போதே நம்மிடம் இருந்திருக்கிறது.