சுழலும் அட்டையில் பந்து துள்ளுவது எப்படி?

கோடை விடுமுறையில் ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுடன் மொட்டை மாடி நிழலில் அமர்ந்து, படம் அசையும் பொம்மைகளைச் செய்து பார்த்தோம். முதலில் செய்தது மிக எளியது. பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் டம்ளரின் வாயளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஒரு பக்கம் மீனையும் மறுபக்கம் வலையையும் வரைந்து, இடமும் வலமும் துளையிட்டு நூல் கட்டினோம். நூலை முறுக்கி இரு கைகளாலும் இழுத்தால் அட்டை விர்ரென்று சுழலும். மீன் வலைக்குள் சிக்கியிருப்பதாகத் தெரியும். நூல் எதுவாக இருந்தாலும் சரி, மாஞ்சா தடவிய நூல் மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள கண்ணாடித்தூள் விரலை அறுத்துவிடும். பூக்கட்டும் நூலே போதுமானது. புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் அட்டையைத் திருப்பி இரண்டு பக்கமும் நேராக வரைந்த பிள்ளைகளுக்கு மீன் நிமிர்ந்தும் வலை கவிழ்ந்தும் தெரிந்தன. அட்டை கிடைமட்ட நூலைச் சுற்றியே புரளுவதால், பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

1825-ல் லண்டன் மருத்துவர் ஜான் அயர்டன் பாரிஸ் பரப்பிய பொம்மை இது. இதற்குப் பாடநூல்கள் தரும் விளக்கமாகிய பார்வை நிலைப்பு, இந்தப் பொம்மையைப் பொறுத்தவரை சரியானதே. விழித்திரையின் ஒளியுணர் செல்கள் ஒளி நீங்கிய கணத்திலேயே அடங்கிவிடுவதில்லை. அவற்றின் எதிர்வினை நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீடிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இன்னும் சற்று நீளுகிறது. மீனின் உணர்வு தேய்வதற்குள் வலை வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

ஆனால், ஓடும் படங்களுக்கும் இதே விளக்கத்தைச் சொல்லி நிறுத்திவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பார்வை நிலைப்பு மட்டுமே வேலை செய்தால், அடுத்தடுத்து வரும் பன்னிரண்டு படங்களும் மீனும் வலையும்போல ஒன்றன்மேல் ஒன்று அப்பி ஒரே குழப்பமாகத் தெரிய வேண்டும். பந்து துள்ளுவதாகத் தெரியக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பதற்காக இரண்டாவது பொம்மையைச் செய்தோம்.

இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சார்ட் பேப்பரில் வெட்டி, பாகைமானியால் 30 பாகைக்கு ஒரு கோடு என்று பன்னிரண்டு கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டின் வெளி முனையிலும் மூன்று மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பிளவை வெட்ட வேண்டும். பிளேடு பிடிக்கும் இந்த வேலை பெரியவர்களுடையது. பிளவுகளுக்குக் கீழே பன்னிரண்டு படங்களை வரைந்து, பின்பக்கம் முழுவதும் கறுப்பு மை பூசி, நடுவில் குண்டூசியைக் குத்திப் பென்சில் முனையிலுள்ள ரப்பரில் இறக்கினால் கைப்பிடி தயார். படமுள்ள பக்கத்தை முகம்பார்க்கும் கண்ணாடிக்குக் காட்டி, கறுப்புப் பக்கத்திலிருந்து பிளவு வழியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அட்டையைச் சுழற்ற வேண்டும். வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணில் தெறிக்காத இடமாக இருப்பது மிக அவசியம்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலில் பிளவு வழியாகப் பார்க்காமல், அட்டையின் மேல்விளிம்புக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். சாம்பல் நிற வளையம் ஒன்றுதான் தெரிந்தது. கண்ணைப் பிளவுக்குக் கொண்டுவந்ததும் பந்து துள்ளத் தொடங்கியது. படமும் வேகமும் மாறவில்லை. இடையே வந்தது இருட்டு மட்டுமே.

அந்த இருட்டின் வேலையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 565 மில்லிமீட்டர். ஆகவே மூன்று மில்லிமீட்டர் பிளவு ஒரு புள்ளியைக் கடக்க நொடியில் 190-ல் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் ஆறு சென்டிமீட்டர் தொலைவிலுள்ள படம் இரண்டு மில்லிமீட்டரே நகர்கிறது. கண்ணுக்கு அது ஏறக்குறைய நின்ற படம். பிளவை ஒரு சென்டிமீட்டராக அகலப்படுத்தினால் நகர்வு ஏழு மில்லிமீட்டரை நெருங்கி, பந்து இழுபட்டுக் கலங்கும். குறுகிய பிளவுக்கும் ஒரு விலை உண்டு: பன்னிரண்டு பிளவுகளையும் சேர்த்தால் 36 மில்லிமீட்டர்தான் என்பதால், வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கே கண்ணை எட்டுகிறது. அறைக்குள் மங்கலாகத் தெரிந்த படம் மாடியில் பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம் இதுவே. பக்கங்களை விரலால் சரசரவென்று விடும் புரட்டுப் புத்தகத்துக்கு (1868-ல் இங்கிலாந்தின் ஜான் பார்ன்ஸ் லின்னெட் இதற்குக் காப்புரிமை பெற்றார்) பிளவு தேவையில்லை. ஒவ்வொரு தாளும் ஒரு கணம் நின்றுவிட்டுச் சட்டென்று விலகுவதே பிளவின் வேலையைச் செய்துவிடுகிறது.

பிளவின் பயன் ஒரு வேலியிலிருந்தே ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது எனலாம். செங்குத்துக் கம்பிகளின் இடைவெளி வழியே பார்க்கும்போது, உருண்டோடும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தெரிவதைப் பற்றிப் பீட்டர் மார்க் ரோஜெட் 1824-ல் லண்டன் அரச கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கம்பி வேலிக்கு அப்பால் சைக்கிள் போகும்போது பார்வையைச் சக்கரத்தின் மீதே ஓடவிடுங்கள். வேகம் பொருந்தினால் நீங்களும் அதைக் காணலாம். 1832-ல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ பிளவுள்ள சுழல் வட்டை உருவாக்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபர் தனியாக அதே வட்டுக்கு வந்து சேர்ந்தார். கண்ணுக்கு இத்தகைய விருந்தளித்த பிளாட்டோ பின்னாளில் பார்வையை முற்றிலும் இழந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

நின்ற படங்களை ஓட்டமாக மாற்றுவது மூளை. மாக்ஸ் வெர்தைமர் 1912-ல் வெளியிட்ட ஆய்வில், அருகருகே உள்ள இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு அளவாக இருந்தபோது இரண்டும் ஒன்றாகவே தோன்றின. 200 பங்காக இருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 60 பங்கை ஒட்டியபோது ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரிந்தது. நம் அட்டை நொடிக்கு ஒரு சுற்றில் 83 பங்குக்கு ஒரு படம் காட்டுகிறது. சற்று வேகமாகச் சுழற்றினால் 60-ஐ எட்டிவிடும். அசைவை உணர்வது மூளையின் தனி வேலை என்பதற்கு இன்னும் வலுவான சான்று, 1983-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் விவரித்த ஒரு பெண். மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்ட அவருக்கு நிறமும் வடிவமும் தெரிந்தன. ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகவே தெரிந்தது.

படம் வரைவதில் பிள்ளைகள் செய்த முதல் பிழையே நல்ல இயற்பியல் பாடமாக அமைந்தது. பந்தை ஆறு சம இடைவெளிகளில் இறக்கி, ஆறு சம இடைவெளிகளில் ஏற்றினார்கள். அது லிஃப்ட்போல் இறங்கி ஏறியது. விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடுகின்றன என்று கலிலியோ காட்டியிருக்கிறார். அதன்படி வட்டின் வெளிப்பக்கத்தை வானமாகவும் மையப்பக்கத்தைத் தரையாகவும் கொண்டு, உச்சியிலிருந்து 1, 3, 5, 7, 9, 11 மில்லிமீட்டர் என்று இறக்கினோம். மொத்த வீழ்ச்சி 36 மில்லிமீட்டர். அதே அளவுகளில் திரும்ப ஏற்றினால் உச்சி ஒன்று, தரை ஒன்று, இடையில் இறங்க ஐந்து, ஏற ஐந்து எனச் சரியாகப் பன்னிரண்டு படங்கள் வரும். இம்முறை பந்து உச்சியில் தயங்கியது. தரையில் பட்டு எகிறியது. வியாசர்பாடி மைதானத்தில் பந்து விளையாடும் பையன் ஒருவன், தரையைத் தொடும் படத்தில் மட்டும் பந்தைச் சற்று நசுக்கி வரைந்தான். யாரும் சொல்லித் தராத அந்தத் திருத்தத்தால் பந்துக்குக் காற்றடைத்த கனம் வந்துவிட்டது.

கடைசியாகப் படகு. பன்னிரண்டு பிளவுகளுக்குப் பன்னிரண்டு படகுகள் வரைந்தால் அவை இருந்த இடத்திலேயே ஆடுகின்றன. பதின்மூன்று வரைந்தால் படங்களின் இடைவெளி 27.7 பாகை, அடுத்த பிளவு வருவதற்குள் அட்டை 30 பாகை திரும்பிவிடுவதால், ஒவ்வொரு முறையும் படகு 2.3 பாகை முன்னே தெரிகிறது. அட்டை சுழலும் திசையிலேயே வரிசை முழுவதும் மெல்ல மிதந்து செல்கிறது. பதினொன்றாகக் குறைத்தால் இடைவெளி 32.7 பாகையாகி, படகுகள் பின்னோக்கிப் போகின்றன. காசிமேட்டுப் பிள்ளைகள் இரண்டு அட்டைகளையும் செய்து, பதின்மூன்று படகுள்ளதற்குக் "கடலுக்கு" என்றும் பதினொன்று உள்ளதற்குக் "கரைக்கு" என்றும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.