கத்ஸினா ஆட்டம் 'முகமூடிக் கூத்து' அல்ல

அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பிகளின் கத்ஸினா ஆட்டத்தை 'ஹோப்பி மக்களின் முகமூடிக் கூத்து' என்று மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் மறுபடி மறுபடி எழுதுகிறார்கள். இரண்டு சொற்களுமே பிழை.

கத்ஸினா ஹோப்பி மொழிச் சொல், பன்மை கத்ஸினம். ஆங்கிலம் வழியே வந்த 'கச்சினா'வில் இருக்கும் 'ச்ச' ஒலி அம்மொழியில் கிடையாது. 'கட்சினா' என்று எழுதினாலும் வாயில் 'கட்சி'தான் வரும். கிரந்த எழுத்து எனக்கு உவப்பில்லை. ஆனால் பிறர் புனிதமாகக் கருதும் பெயரைச் சிதைப்பதைவிட ஒரு 'ஸி' மேல்.

ஹோப்பிகள் அரிசோனா மாநிலத்தில் வாழ்பவர்கள், பியூப்லோ எனப்படும் பழங்குடிக் குழுக்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். மேகமும் மழையுமாக வரும் ஆவியுருக்களே கத்ஸினம். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலையில் நிமான் சடங்கு முடிந்ததும் அரிசோனாவிலேயே உள்ள சான் பிரான்சிஸ்கோ மலைச் சிகரங்களுக்குத் திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. அவற்றின் உருவில் ஆடவர் ஊர்ச் சதுக்கத்தில் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். கையில் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை, முழங்காலுக்குப் பின்னே ஆமை ஓட்டில் செய்த கிலுகிலுப்பை. எல்லாக் காலும் ஒன்றாக மிதிக்கும். பெரியவர் ஒருவர் மக்காச்சோள மாவைத் தூவி வேண்டுவார்.

இதில் கூத்து எங்கே வந்தது? கூத்தில் வேடம் கட்டியவர் அரசனாக நடிக்கிறார், விடிந்ததும் வேடத்தைக் கலைக்கிறார். இங்கே நடிப்புக்கு இடமில்லை. அணிந்தவர் கத்ஸினாவாகவே ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு 'இது என்ன கூத்து' என்று கேலிக்கும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். 'முகமூடி' இன்னும் மோசம். கொள்ளையரோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. ஹோப்பிகள் அந்த முகங்களை 'நண்பர்கள்' என்றே சொல்கிறார்கள். 2013இல் பாரிஸில் அவற்றை ஏலம் விட்டபோது நீதிமன்றம் வரை போய்த் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த இன்னொரு ஏலத்தில் ஓர் அமெரிக்க அறக்கட்டளை 24 பொருள்களை வாங்கித் திருப்பித் தர முன்வந்தது. அவற்றில் 21 ஹோப்பிகளுடையவை. இவ்வளவு நடந்தபிறகும் நாம் 'முகமூடி' என்று எழுதுகிறோம்.

'மழை நடனம்' என்பாரும் உண்டு. மழை கேட்பது உண்மைதான். விளைச்சலும் நலமும் உலகம் முழுமைக்கும் சேர்த்தே கேட்கிறார்கள். 'தெய்வ ஆட்டம்' என்பதும் பொருந்தாது. கத்ஸினம் கடவுளர் அல்லர், வேண்டுதலைச் சுமந்து செல்லும் தூதர். 'ஆவி நடனம்' என்றும் எழுத முடியாது, அது வேறு மக்களிடையே 1890 வாக்கில் பரவிய வேறொரு இயக்கம். அதையும் இதையும் குழப்புகிறவர்கள் ஆங்கிலத் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள்.

ஹோப்பிகளுடையதைக் 'கத்ஸினா ஆட்டம்' என்றே எழுதுவோம். பியூப்லோ மக்களின் இத்தகைய ஆடல்களுக்குப் பொதுச்சொல் வேண்டுமென்றால் 'வேண்டுதல் ஆட்டம்' போதும்: தூய தமிழ், படித்தவுடன் புரியும்.

'கச்சினா பொம்மை'யையும் கைவிட வேண்டும். காட்டன்வுட் மர வேரில் செதுக்கிச் சிறுமியருக்குக் கத்ஸினம் தரும் அந்த உருவுக்குத் திஹு என்று பெயர் இருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கும் பொருளைப் பொம்மை என்று எழுதினால், வாசகர் விளையாட்டுச் சாமானைத்தான் நினைப்பார்.