வோல்ட் ஏறினாலும் முள் ஏறாது

கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு அருகே வசிக்கும் வாசகர் ஒருவரிடம் 1996ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 பிக்கப் டிரக் இருக்கிறது. டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு அடிக்கடி ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஏறுகிறார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். எஞ்சின் சூட்டைக் காட்ட வண்டியில் முள் உண்டு, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் சூட்டைக் காட்ட எதுவும் இல்லை. அதனால் தனியாக ஒரு மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் பொருத்திவிட்டார். இப்போது அவருக்கு ஒரு சந்தேகம்: "எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12 வோல்ட், ஓடும்போது 14. மீட்டர் அந்த மின்சாரத்தில்தானே ஓடுகிறது? வோல்ட் ஏறினால் முள்ளும் ஏறாதா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதற்கு முன், அந்த மீட்டர் ஏன் வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு விசிறிகள், இடையில் எண்ணெய். எஞ்சின் பக்க விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த வேகத்தில் மறுபக்க விசிறி சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் வீணாகும் சக்தி எண்ணெயில் சூடாகத் தங்கிவிடும். பாரத்தோடு மெதுவாக மலை ஏறும்போது இது உச்சத்துக்குப் போகும். சாதாரணமாக 175 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 80 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் எண்ணெய், 250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகிப்போகும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் அப்போதும் நடுவிலேயே நிற்கலாம்.

எண்ணெயில் நனைந்திருக்கும் சென்சாருக்குள் தெர்மிஸ்டர் என்ற சிறு வில்லை இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்தது. செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இதில் குறையும். சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் ஓர் அயனியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது எளிதாகிறது. இந்தத் தலைகீழ் நடத்தையை 1833இலேயே ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கவனித்து எழுதிவைத்தார். அது தெர்மிஸ்டராகக் கைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. "இந்த ஆராய்ச்சியால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெள்ளி சல்ஃபைடுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, முள்ளுக்கு வருவோம். பழுதான மீட்டர் ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். நகக்கண் அளவு வட்டக் காந்தம், அதன் அச்சின் நுனியில் முள். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியில் இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறுக்கே சுற்றப்பட்டிருந்தன. அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் முள் துள்ளாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

ஒவ்வொரு சுருளும் தன் திசையில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்து வரும் திசையில் காந்தம் திரும்பி நிற்கும். ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில் இரண்டு கயிறு கட்டி, ஒருவர் கிழக்கேயும் ஒருவர் வடக்கேயும் இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சமமாக இழுத்தால் அது வடகிழக்கே போகும். இருவரும் இரண்டு மடங்கு பலத்தோடு இழுத்தாலும் அதே வடகிழக்குதான். ஒருவர் மட்டும் கையைத் தளர்த்தினால்தான் திசை மாறும்.

பேட்டரி 12இலிருந்து 14 வோல்ட்டுக்கு ஏறும்போது இரண்டு சுருளிலும் மின்னோட்டம் ஒரே விகிதத்தில் கூடுகிறது. இழுப்பு கூடும், திசை மாறாது. இரண்டுக்கும் இடையிலான பங்கீட்டை மாற்றக்கூடியது தெர்மிஸ்டரின் தடை மட்டுமே. வோல்ட்டை அளக்காமல், வோல்ட்டைக் கட்டுப்படுத்தாமல், அதன் பாதிப்பை வடிவத்தாலேயே நீக்கிவிட்டார்கள். இதற்கு முந்தைய மீட்டர்களில் முள்ளை நகர்த்தியது மின்சாரத்தில் சூடாகி வளையும் ஈருலோகப் பட்டை. அதற்கு வோல்ட் நிலையாக இருக்க வேண்டும் என்பதால், பழைய ஃபோர்டுகளில் டேஷ்போர்டின் பின்னால் தனியாக ஒரு ரெகுலேட்டரே வைத்தார்கள்.

ஆக, வாசகர் பார்ப்பது சூட்டைத்தான். ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால், மின்னோட்டம் அதன் மரை வழியாகக் கியர் பாக்ஸ் உடலில் இறங்கித்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. கசிவுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால், அல்லது அங்கே துரு இருந்தால், அந்த வழியில் தடை கூடும். தடை கூடினால் மீட்டருக்கு அது குளிர்ச்சி. எண்ணெய் சூடாகும்போது தெர்மிஸ்டரின் சொந்தத் தடை குறைவாக இருப்பதால், கூடுதலாகச் சேரும் சில ஓம்கள் அப்போதுதான் அதிகம் ஏமாற்றும். டெஃப்லான் டேப்பைத் தவிர்த்து, மரைக்கான பசையை மெல்லியதாகத் தடவுங்கள். மாட்டியதும் ஓம் மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் உடலிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகடிவிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால், அடுத்த ஏற்றத்தில் அந்த முள்ளை நம்பலாம்.